வீட்டுலயே முதல் பிறந்தநாள்: மாம்பழ தீம் வெச்சு நாங்க பண்ணது, ஆரம்பத்துல இருந்து முழு விவரம்

எங்க சின்னவனுக்கு மே மாசக் கடைசில ஒரு வயசு முடிஞ்சுது. சேலத்துல எங்க வீட்டு ஹாலும் மொட்டை மாடியும் சேத்து 40 பேருக்கு பண்ணோம், தீம் மாம்பழம். ஃபோட்டோ பாத்துட்டு எப்படி பண்ணீங்க என்ன செலவாச்சுன்னு ஆளாளுக்கு கேக்குறாங்க, தனித்தனியா பாதி பாதி சொல்றதுக்கு ஒரே இடத்துல முழுசா எழுதிடலாம்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல பெரியவ கதைய சொல்லணும், ஏன்னா இந்த மொத்த பிளானும் அதுல இருந்துதான் வந்துச்சு. அவளோட முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் புடிச்சு, ஸ்டேஜ், மைக் செட், புகை மெஷின்னு எல்லாம் வெச்சு, கேக் வெட்டும்போது ராத்திரி ஏழரை. புகை வந்த சத்தத்துலயே அலற ஆரம்பிச்சவ அழுது அழுது என் தோள்லயே தூங்கிட்டா, தூங்குற புள்ளையோட கையப் புடிச்சுத்தான் கேக்க வெட்டுனோம். அந்த ஆல்பத்துல அவ சிரிச்ச மாதிரி ஒரு படம் கூட கிடையாது. இன்னிக்கும் அத எடுத்துப் பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். அதனால சின்னவனுக்கு ஒண்ணே ஒண்ணு முடிவு பண்ணேன், அவன் முழிச்சு சந்தோஷமா இருக்குற நேரத்துலதான் விழா, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

மொத வேலை: புள்ளையோட தூக்க நேரத்த எழுதி வைங்க

ஹால், கேக், டெக்கரேஷன் எதையும் யோசிக்கிறதுக்கு முன்னாடி, பிறந்தநாளுக்கு ஒரு மாசம் இருக்கும்போதே, ஒரு நோட்டுல ஒரு வாரம் முழுக்க எழுதுங்க. எப்போ எழுந்தான், எப்போ சாப்ட்டான், எப்போ தூங்குனான், எப்போ சிணுங்க ஆரம்பிச்சான். எங்க பையன் காலைல ஒம்போதரைக்கு ஒரு குட்டித் தூக்கம், மதியம் ஒன்றரைல இருந்து மூணேகால் வரைக்கும் நல்ல தூக்கம், சாயங்காலம் ஆறரை தாண்டுனா கண்ணக் கசக்க ஆரம்பிச்சிடுவான். அப்போ கணக்கு தெளிவா வந்துடுச்சு, நாலரைக்கு ஆரம்பம், சரியா அஞ்சு மணிக்கு கேக், ஏழு மணிக்கு முடிவு. உங்க புள்ளைக்கு காலைத் தூக்கம் முடிஞ்சதும்தான் நல்ல மூடுன்னா பதினொண்ணு டூ ஒரு மணி வெச்சு மதிய சாப்பாட்டோட முடிச்சிடுங்க. ரெண்டரை மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க, அவ்வளவு பேர் தூக்கிக் கொஞ்சுறத ஒரு வயசுப் புள்ளை அதுக்கு மேல தாங்காது.

நட்சத்திரப் பிறந்தநாளும் இங்கிலீஷ் தேதியும் பெரும்பாலும் வேற வேற நாள்ல வரும், அது ஒரு வகைல நமக்கு நல்லதுதான். நாங்க நட்சத்திரம் அன்னிக்கு காலைல கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணி, வீட்டுல பாயசம் வெச்சு, பாட்டி தாத்தாவோட முடிச்சிட்டோம். ஆயுஷ்ய ஹோமம் பண்ற வழக்கம் இருக்குறவங்களும் அத அந்த நாள்ல வெச்சுக்கலாம், பார்ட்டிய ஞாயித்துக்கிழமைக்கு தள்ளிக்கலாம். மொட்டையும் காதுகுத்தும் மட்டும் தயவு செஞ்சு பார்ட்டி நாள்ல சேக்காதீங்க, தாய்மாமன் மடில உக்காந்து காது குத்தி அழுத புள்ளைய சாயங்காலம் கேக் முன்னாடி நிக்க வெச்சா அது பாவம். ஒரு வயசு தடுப்பூசியும் அந்த சமயத்துலதான் வரும், ஊசி போட்டா சில புள்ளைங்களுக்கு ஜுரம் வரும், அதனால டாக்டர்கிட்ட தேதியச் சொல்லி முன்னாடி பின்னாடி மாத்திக்கலாமான்னு கேட்டுக்கோங்க.

தீம் எப்படி எடுக்குறது

கடைல கெடைக்குற ரெடிமேட் செட்ட வாங்கி மாட்டுனா ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும், தப்பு இல்ல. ஆனா அந்த கார்ட்டூன் யாருன்னு ஒரு வயசுப் புள்ளைக்குத் தெரியாது. அவனுக்கு தினமும் பழக்கமான ஒண்ணு, அந்த சீசன்ல நம்ம ஊர்ல சும்மா கெடைக்குற ஒண்ணு, இந்த ரெண்டும் எங்க ஒண்ணு சேருதோ அதான் தீம். ஐப்பசில பொறந்த புள்ளைன்னா மழையும் தவளையும், தை மாசம்னா கரும்பும் மாடும். எங்களுக்கு மே மாசம், சேலம், வேற என்ன வேணும். சின்னக்கடை வீதி பக்கம் போனாலே வாசம் அடிக்குது, எங்க பையனுக்கு பேச்சு வராத வயசுலயும் மாம்பழத்தப் பாத்தா ரெண்டு கையும் நீளும்.

இந்த தீம்ல ஒரு வசதி, எங்க தொட்டாலும் மாங்கா நம்ம வழக்கத்துலயே இருக்கு. வாசல்ல மாவிலைத் தோரணம், கோலத்துல மாங்கா, அம்மா பட்டுப்புடவை பார்டர்ல மாங்கா டிசைன், பாட்டி கழுத்துல மாங்கா மாலை, கதை சொல்லணும்னா பிள்ளையாரும் முருகரும் ஞானப்பழத்துக்கு போட்டி போட்ட கதை. கலர் ரெண்டே ரெண்டு, மஞ்சளும் பச்சையும், மூணாவது கலர் உள்ள வரவே கூடாதுன்னு நான் கண்டிப்பா இருந்தேன், வீடு பாக்க அழகா இருந்ததுக்கு பாதி காரணம் அதுதான்.

யாரக் கூப்புடுறது

வீட்டுல எத்தன பேர் நெருக்கம் இல்லாம உக்கார முடியுமோ அவ்வளவுதான். சொந்தத்துல யாரும் விட்டுப் போகக்கூடாதுன்னு நெனைச்சா நட்சத்திர நாளைக்கு ஒரு பகுதிய கூப்புட்டுக்கோங்க. வாட்ஸப் பத்திரிகைல “சரியா 5 மணிக்கு கேக்”னு பெருசா போடுங்க. நெருங்குன சொந்தத்துக்கு மட்டும் ஃபோன் போட்டு, மூன்றரை வரைக்கும் பையன் தூங்குவான் அத்தை, அதுக்கு அப்புறமா வாங்கன்னு நேராவே சொல்லிடுங்க, யாரும் தப்பா எடுத்துக்கல.

டெக்கரேஷன், ரெண்டு வாரம் முன்னாடி இருந்து

பேக்டிராப்புக்கு நான் ஒரு பைசா செலவு பண்ணல. எங்கம்மாவோட இலைப்பச்சை காட்டன் புடவை ரெண்டு, நல்லா இஸ்திரி போட்டு கர்ட்டன் ராடுல தொங்க விட்டோம். அது மேல காகித மாம்பழம் 30. செய்யுறது ரொம்ப ஈஸி. நெஜமான ஒரு மாங்காவ அட்டைல வெச்சு பென்சில்ல சுத்தி வரைஞ்சு வெட்டிக்கோங்க, அதான் அச்சு. அந்த அச்ச வெச்சு மஞ்சள் சார்ட் பேப்பர்ல ஒரு பழத்துக்கு நாலு துண்டு வெட்டி, ஒவ்வொண்ணையும் நெடுக்குவாக்குல பாதியா மடிச்சு, ஒண்ணோட முதுகுல இன்னொண்ணோட முதுக ஒட்டிக்கிட்டே போனா கடைசில புஸ்ஸுன்னு உருண்டையான பழமா நிக்கும். வளைஞ்ச வடிவத்த நெடுக்க மடிச்சா ரெண்டு பக்கமும் சரியா பொருந்தாது, அதனால அச்ச வெட்டும்போதே மூக்க லேசா மட்டும் வளைச்சுக்கோங்க, கிளிமூக்கு மாதிரி ரொம்ப வளைச்சா சரியா வராது. நடுவுல நூல் வெச்சு ஒட்டிட்டா தொங்க விட்டுக்கலாம். தினம் ராத்திரி சின்னவன் தூங்குனப்புறம் நாலு நாலா செஞ்சா எட்டு நாள்ல முடிஞ்சிடும், பெரியவளும் கூட உக்காந்து ஒட்டுனா, தம்பிக்கு நான்தான் பழம் செஞ்சேன்னு வந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருந்தா. செவுத்துல ஒட்ட மாஸ்கிங் டேப் வாங்குங்க, டபுள் டேப் பெயின்ட்ட உரிச்சிட்டு வந்துடும்.

மாவிலை மொத நாள் சாயங்காலம் பறிக்கணும். கொப்போட வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க, அதுல செவ்வெறும்பு கூடு கட்டியிருக்கும், வெளியவே நல்லா உதறி, உப்புத் தண்ணில அலசி, ஈரத்துணில சுத்தி வெச்சிடுங்க. காலைல ஒவ்வொரு இலையா காம்பு பக்கம் கயித்து மேல மடிச்சு ஈர்க்குச்சி குத்துனா தோரணம் ஆச்சு. ஒரு அடிக்கு அஞ்சாறு இலை கணக்கு வெச்சுக்கோங்க. ஸ்டேப்ளர் பின் போடாதீங்க, தவழ்ற புள்ளை இருக்குற வீட்டுல ஒரு பின் கீழ விழுந்தாலும் நேரா வாய்க்குத்தான் போகும். செண்டுமல்லி உதிரி 2 கிலோ வ.உ.சி பூ மார்க்கெட்ல காலைல போய் வாங்கிட்டு வந்தோம், எங்க மாமியார் உக்காந்து தொடுத்துட்டாங்க.

பலூன் வேணாம்னு நாங்க முடிவு பண்ணது நிறைய பேருக்கு ஆச்சரியம். காரணம் ரெண்டு. வெடிக்கிற சத்தத்துக்கு புள்ளை பயப்படும். அத விட முக்கியம், வெடிச்ச ரப்பர் துண்டு தொண்டைக்குள்ள போனா அப்படியே ஒட்டி மூச்ச அடைச்சிடும், எடுக்குறதும் கஷ்டம். கேஸ் பலூன் வாங்குறவங்க ஒண்ணு கேட்டுக்கோங்க, உள்ள ஹீலியமா ஹைட்ரஜனான்னு, ஹைட்ரஜன்னா மெழுகுவத்தி பட்டா குப்புன்னு புடிக்கும். ஸ்னோ ஸ்ப்ரேவும் அப்படித்தான், கேக்ல நெருப்பு இருக்கும்போது யாரும் அடிக்கக்கூடாதுன்னு வர்ற பசங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

பொறந்ததுல இருந்து மாசத்துக்கு ஒண்ணா 12 ஃபோட்டோ பிரின்ட் போட்டு கயித்துல துணி கிளிப் வெச்சு மாட்டுனோம், வந்தவங்க கேக்க விட அதத்தான் ரொம்ப நேரம் நின்னு பாத்தாங்க.

சாப்பாடு

சேலத்துல விழான்னா தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் காயும் வெச்சுத் தர்றது) இல்லாம எப்படி. மாடில ஒரு டேபிள் போட்டு மாங்கா செட் கவுன்ட்டர் வெச்சோம், தீமுக்கும் பொருத்தம். ஆளுக்கு நாலு ஜோடின்னு 320 தட்டுவடை, உடைஞ்சு போனா 50 எக்ஸ்ட்ரா. பச்சை சட்னி கொத்தமல்லி புதினால, சிவப்பு சட்னி மிளகாய் பூண்டுல, துருவுன கேரட் பீட்ரூட், பொடியா நறுக்குன வெங்காயம், நடுவுல கிளிமூக்கு மாங்கா மெல்லிசா ஒரு கீத்து. பீட்ரூட்ட துருவுனதும் கைல புழிஞ்சு தண்ணிய எடுத்துடுங்க, இல்லன்னா தட்டுவடை ரெண்டே நிமிஷத்துல நமத்துப் போய்டும். முன்னாடியே அடுக்கி வைக்கவும் கூடாது, கேக்கக் கேக்க போட்டுத் தரணும். என் தம்பியும் அவன் ஃபிரண்டும் அந்த டேபிள முழுசா பாத்துக்கிட்டாங்க.

இனிப்புக்கு மாம்பழ ஜவ்வரிசி பாயசம், ஜில்லுன்னு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சிருக்கு, அத நம்ம வீட்டு விசேஷத்துல வைக்காம வேற எங்க வைக்கிறது. 40 சின்ன கப்புக்கு ஜவ்வரிசி 400 கிராம், பால் 2 லிட்டர், மாம்பழக் கூழ் ஒன்றரை கிலோ, கெட்டித் தேங்காப்பால் அரை லிட்டர். ஜவ்வரிசிய ஊற வெச்சு கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும் வேக வெச்சு, பால்ல சக்கரை போட்டு காய்ச்சி சேத்து, முழுசா ஆறுனப்புறம்தான் கூழையும் தேங்காப்பாலையும் கலக்கணும். சூட்டுல கலந்தா பழத்தோட புளிப்புக்கு பால் திரிஞ்சிடும், எனக்கு டிரையல் பாக்கும்போது அப்படி ஒரு லிட்டர் போச்சு.

வயித்துக்கு சந்தகை (இடியாப்பம் மாதிரி) ரெண்டு வகை, எலுமிச்சையும் தேங்காயும், அப்புறம் மினி இட்லி சாம்பார், தயிர் சாதம், இது மூணும் எங்க தெருவுல சமைச்சுக் குடுக்குற அக்காகிட்ட ஆர்டர். குடிக்க மாங்கா பானகம், மாங்காவ வேக வெச்சு கரைச்சு வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு 8 லிட்டர், பக்கத்துலயே பானைல நீர்மோர். மே மாச வெயில்ல சாப்பாட்ட விட இது ரெண்டும்தான் வேகமா காலியாச்சு.

தட்டுக்கு பாக்குமட்டை, கப்புக்கு ஸ்டீல் டம்ளர். தமிழ்நாட்டுல 2019 ஜனவரில இருந்து பிளாஸ்டிக் கோட்டிங் போட்ட பேப்பர் தட்டு, பிளாஸ்டிக் கப், தெர்மாகோல் கப் எல்லாத்துக்கும் தடை இருக்கு, கடைல குடுத்தாலும் வாங்காதீங்க. டம்ளர் சொந்தக்காரங்க வீட்டுல இருந்து வாங்கிக்கலாம், கழுவ ஒரு ஆள் வெச்சா போதும்.

பெரியவங்களுக்கு கேக் பேக்கரில 2 கிலோ எக்லெஸ் மாம்பழ கேக், சின்னத் துண்டா போட்டா 40 பேருக்கு வரும். நாலு நாள் முன்னாடி சொல்லிடுங்க, வந்ததும் ஃபிரிட்ஜ்ல வெச்சு, வெட்டுறதுக்கு கொஞ்சம் முன்னாடி எடுத்தா போதும், அதுக்கு மேல வெளிய இருந்தா கிரீம் வழிய ஆரம்பிச்சிடும்.

புள்ளைக்கு தனி கேக்

இதத்தான் நான் ரொம்ப ஆசையா செஞ்சேன். ரெண்டு வயசு ஆகுற வரைக்கும் சக்கரையும் உப்பும் அதிகமா இருக்குற சாப்பாடு குடுக்க வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல இருக்கு, அதனால அவனுக்கு பேக்கரி கேக் கிடையாது, இட்லி கேக்.

பொங்குன, ஆனா ரொம்பப் புளிச்சுப் போகாத இட்லி மாவ, பெருசு நடுத்தரம் சின்னதுன்னு மூணு கிண்ணத்துல நெய் தடவி பாதி வரைக்கும் ஊத்தி, இட்லிப் பானைல 15 நிமிஷம் வேக வைங்க. நல்லா ஆறுனதும் ஓரத்துல கத்தி விட்டு கவுத்தா வட்டமா வரும், சூடா கவுத்தா பிஞ்சிடும். அரை லிட்டர் தயிர வெள்ளத்துணில கட்டி ஃபிரிட்ஜ்லயே தொங்க விட்டா நாலு மணி நேரத்துல கிரீம் மாதிரி கெட்டியா இருக்கும், அதுல இமாம் பசந்த் மாம்பழக் கூழக் கலந்து ஒவ்வொரு அடுக்குக்கு நடுவுலயும் மேலயும் பூசி, உச்சில ஒரு துளிர் மாவிலை. இலை அலங்காரத்துக்குத்தான், அவன் கைல குடுக்குறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. அவன் மொதல்ல ஒரு விரல வெச்சு தொட்டுப் பாத்தான், வாய்ல வெச்சான், என்னைப் பாத்தான், அப்புறம் ரெண்டு கையையும் உள்ள விட்டுட்டான். நெத்தி வரைக்கும் மஞ்சள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவு எழுதிட்டு இருக்கேன்.

ஒரு எச்சரிக்கை. மாம்பழம் அது வரைக்கும் குடுத்துப் பழக்கம் இல்லன்னா பார்ட்டிக்கு பத்து நாள் முன்னாடியே ஒரு ஸ்பூன் குடுத்துப் பாத்துடுங்க. காம்புல வடியுற பால் தோல்ல பட்டா சில புள்ளைங்களுக்கு வாயச் சுத்தி சிவந்து தடிக்கும், அதனால பழத்த தண்ணில ஊற வெச்சு, காம்புப் பக்கம் தாராளமா வெட்டி எடுத்துட்டு, தோல் சீவித்தான் குடுக்கணும். பழத்த கல்லு வெச்சுப் பழுத்ததா பாத்து ஒதுக்குங்க, கால்சியம் கார்பைடுங்கிற அந்தக் கல்லுக்கு தடை இருந்தாலும் ஏமாந்துடக்கூடாது, மேல ஒரே சீரா மஞ்சளா இருந்து வாசமே இல்லன்னா வாங்காதீங்க. நாங்க ஒரு வாரம் முன்னாடியே வரகம்பாடி பக்கம் ஒரு தோப்புல முத்துன காயா வாங்கிட்டு வந்து, அட்டப்பெட்டில வைக்கோல் போட்டு மூடி வெச்சோம். தினமும் திறந்து பழுத்தத மட்டும் தனியா எடுக்கணும், ஒண்ணு அழுகுனா பக்கத்துல இருக்குறதும் போய்டும்.

வர்ற குட்டிங்களுக்கு ஒரு மூலை

தவழ்ற வயசுப் புள்ளைங்க நாலு பேர் வந்தாங்க. ஹால்ல ஒரு மூலைல பாய் மேல மெத்தை விரிச்சு, ஸ்டீல் கிண்ணம், மரக்கரண்டி, பெரிய துணிப் பந்து போட்டு விட்டோம், அவங்க பாட்டுக்கு தட்டிட்டு கெடந்தாங்க. வேர்க்கடலை, பாப்கார்ன், முழு திராட்சை, தட்டுவடைத் துண்டு எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது. ஒரு வயசு ஆகாத புள்ளை வாய்ல யாராவது தேன் தடவ வந்தா தடுத்துடுங்க, அதுல இருக்கக்கூடிய கிருமி அந்த வயசுக் குடலுக்கு ஆபத்து. லைட் பலூன், குட்டி எல்இடி மாலை, ரிமோட் இதுல எல்லாம் பட்டன் பேட்டரி இருக்கும், முழுங்குனா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய அரிச்சிடும், அதனால எங்க வீட்டுல எல்லாம் பிளக்ல சொருகுற சீரியல் லைட்தான், அதுவும் கைக்கு எட்டாத உயரத்துல. பால் குடுக்க ஒரு ரூம தனியா ஒதுக்கி ஃபேன் போட்டு வைங்க, தாய்மார்களுக்கு அது பெரிய உதவி.

பெரிய பசங்களுக்கு விளையாட்டு ஒண்ணே ஒண்ணுதான், ஞானப்பழம். நடுவுல அப்பா அம்மா சேர் போட்டு உக்காரணும், பாட்டு நின்னதும் யார் மொதல்ல அவங்க அப்பா அம்மாவ மூணு சுத்து சுத்தி வர்றாங்களோ அவங்களுக்கு பழம். அரை மணி நேரம் மாடியே அதிர்ந்துச்சு, கடைசில எல்லாருக்குமே ஒரு பழம் குடுத்தோம்.

ரிட்டர்ன் கிஃப்ட்

மஞ்சப்பை. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்சதுல இருந்து நல்ல பை ஈஸியா கெடைக்குது. 40 பை வாங்கி, உருளைக்கிழங்க பாதியா வெட்டி அதுல மாங்கா வடிவம் செதுக்கி, பச்சைத் துணி பெயின்ட்ல தொட்டு ஒவ்வொரு பைலயும் அச்சு குத்துனோம், ஒரு ஞாயித்துக்கிழமைல முடிஞ்சிடுச்சு. உள்ள ரெண்டு மாம்பழம், ஒரு பாக்கெட் தட்டுவடை, அவ்வளவுதான். இப்போ எதிர்வீட்டு அண்ணன் அந்தப் பைலதான் தினமும் காய் வாங்கிட்டு வர்றாரு.

அன்னிக்கு எப்படிப் போச்சு

காலைல பூ, தோரணம், கோலம். பதினொரு மணிக்கு ஆர்டர் எல்லாத்துக்கும் ஒரு தடவை ஃபோன். ஒன்றரைக்கு பையன் தூங்குனதும் கதவ மூடிட்டு சத்தம் இல்லாம பேக்டிராப் வேலை. நாலு மணிக்கு குளிப்பாட்டி, காட்டன் சட்டை மட்டும் போட்டோம், மே மாசத்துல பட்டும் ஜரிகையும் குத்தும், ஆரத்தி எடுக்கும்போது மட்டும் பட்டு அங்கவஸ்திரம் மேல போட்டு எடுத்துட்டோம். நாலரைக்கே ஃபோட்டோ, அவன் மொகம் தெளிவா இருக்கும்போது, வெளிச்சம் இருக்கும்போது. அஞ்சு மணிக்கு பாட்டி குத்துவிளக்க ஏத்துனாங்க, மெழுகுவத்திய ஒரு கை தூரம் தள்ளித்தான் வெச்சோம். கோடை மழை திடீர்னு வரும்ங்கறதால மாடி டேபிள கீழ மாத்த இடம் முன்னாடியே பாத்து வெச்சிருந்தோம், காத்து மட்டும் அடிச்சுது, மழை வரல. கரன்ட் போனா ஃபேனுக்கு இன்வெர்ட்டர் தண்ணி லெவல் மொத நாளே பாத்துடுங்க.

ஒரு ஆள பையனுக்குன்னே விட்டுடணும், அந்த ரெண்டரை மணி நேரம் அவங்களுக்கு வேற வேலை கிடையாது. எங்க வீட்டுல அது என் தங்கச்சி. அவன் கண்ணக் கசக்குனதும் யாருகிட்டயும் கேக்காம உள்ள தூக்கிட்டுப் போற உரிமைய அவகிட்ட குடுத்திருந்தோம், ஆறு மணிக்கு ஒரு தடவை அப்படித்தான் கூட்டிட்டுப் போய் பால் குடுத்து பத்து நிமிஷம் இருட்டுல வெச்சிருந்து திரும்ப சிரிச்ச மொகமா கொண்டு வந்தா.

செலவு கேக், சாப்பாடு, பழம், பை எல்லாம் சேத்து 18,000 ரூபாய் ஆச்சு, அதுல பாதிக்கு மேல சாப்பாடுதான். டெக்கரேஷனுக்கு சார்ட் பேப்பர், டேப், பூ இதுதான் செலவு.

எல்லாரும் போனதும் மொத வேலையா தரைய ஈரத்துணி போட்டு ரெண்டு தடவை துடைச்சோம், காலைல அவன் தவழ வர்றதுக்கு முன்னாடி ஈர்க்குச்சி, நூல், நாருன்னு ஒண்ணு கூட இருக்கக்கூடாது. காகிதப் பழத்துல நாலு மட்டும் கழட்டாம அவன் தொட்டில் பக்கத்து ஜன்னல்ல, கை எட்டாத உயரத்துல விட்டிருக்கோம், காலைல எழுந்ததும் மொதல்ல அதப் பாத்துத்தான் கைய நீட்டுறான்.